கிரிமினல் வழக்கில் உங்கள் பெயர் வந்துவிட்டதா? முதல் தாளிலிருந்து தீர்ப்பு நகல் வரை

தமிழ்நாட்டில் முதல் முறையாக ஒரு கிரிமினல் வழக்கில் சிக்கியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஒரு வேலித் தகராறில் ஏ2-ஆக (இரண்டாவது குற்றவாளியாக) சேர்க்கப்பட்டு, ஜே.எம். (நீதித்துறை நடுவர், அதாவது மாஜிஸ்திரேட்) கோர்ட் வராந்தாவில் வருஷக்கணக்கில் நின்று விடுதலையானவன். அங்கே என்னோடு நின்றவர்களில் பலரைக் குற்றச்சாட்டைவிட அதிகமாக அலைக்கழித்தவை எதில் கையெழுத்துப் போட்டோம், எந்தத் தேதியில் எங்கே இருக்க வேண்டும் என்கிற இரண்டு கேள்விகள்தான். வக்கீலிடம் சரியான கேள்வியைக் கேட்கும் அளவுக்கு இது உதவும். வக்கீல் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு உதவாது.

ஒரு முன்குறிப்பு. 2024 ஜூலை 1 முதல் குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் ஐ.பி.சி.க்குப் பதில் பி.என்.எஸ்., கைது, ஜாமீன், விசாரணை நடைமுறையைச் சொல்லும் சி.ஆர்.பி.சி.க்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். வந்துவிட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவம் என்றால் குற்றப் பிரிவு ஐ.பி.சி.யில்தான் இருக்கும். கோர்ட்டில் இன்னமும் பழைய எண்களைத்தான் வாயில் சொல்வார்கள். குழம்ப வேண்டாம், இரண்டையும் தருகிறேன்.

1. கையில் வந்திருப்பது என்ன என்று பாருங்கள்

ஸ்டேஷனிலிருந்து "ஒரு பெட்டிஷன் வந்திருக்கு, வந்துட்டுப் போங்க" என்று போன் வந்தால், பெரும்பாலும் அது சி.எஸ்.ஆர். (புகாரைப் பதிந்து ரசீது மட்டும் தரும் பதிவேடு) நிலையில் இருக்கும் புகார். வழக்கு இன்னும் பதிவாகவில்லை. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் ஆரம்ப விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடம் தருகிறது.

தாளாக வந்திருந்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று படியுங்கள். பி.என்.எஸ்.எஸ். 179 என்றால் (பழைய 160) சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். பெண்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் இதற்காக ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 35(3) என்றால் (பழைய 41ஏ) குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிடுகிறார்கள். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. போய் ஒத்துழைத்தால், எழுத்தில் காரணம் பதியாமல் கைது செய்ய முடியாது. போகாவிட்டால் அதையே கைதுக்குக் காரணமாக்கலாம். இந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது, முறைப்படி கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே வக்கீலிடம் காட்டுங்கள்.

கோர்ட் முத்திரையோடு சம்மன் வந்தால் பெரும்பாலும் போலீஸ் விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போயாகிவிட்டது என்று அர்த்தம். நேரே 8-ஆம் படிக்குப் போங்கள்.

2. எஃப்.ஐ.ஆர். நகலை எடுங்கள்

எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்தால் இறக்கிக்கொள்ளலாம். அங்கே இல்லையென்றால் வக்கீல் மூலம் கோர்ட்டில் மனுப் போட்டு எடுக்கலாம்.

நகலில் குற்ற எண், சம்பவ நேரம், புகார் கொடுத்த நேரம், பிரிவுகள், உங்கள் பெயரின் எழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். சம்பவத்துக்கும் புகாருக்கும் நடுவே நாள்கணக்கில் இடைவெளி இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் வக்கீலுக்கு அது தேவைப்படும்.

அடிதடி வழக்குகளில் 296(பி), 115(2), 351(2) மூன்றும் சேர்ந்தே வருவதைப் பார்ப்பீர்கள். ஆபாசப் பேச்சு, காயப்படுத்துவது, மிரட்டல் என்ற வரிசையில், பழைய 294(பி), 323, 506(1) தான் இவை. "நான் கெட்ட வார்த்தையே பேசலையே, ஏன் ஆபாசப் பேச்சுப் பிரிவு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். 115(2) மட்டும் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. 296(பி) சேர்ந்தால் மொத்த வழக்கையும் விசாரிக்கலாம். காரணம் அதுதான் என்பது என் ஊகம். அந்த வார்த்தைப் பிரிவு சமாதானத்தின்போது தலைவலியாக வரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஜாமீனில் விடக்கூடியதா, அதிகபட்ச தண்டனை எவ்வளவு. 115(2)-க்கு ஓராண்டு வரை சிறை அல்லது ₹10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். இந்த இரண்டு பதிலும் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

3. வக்கீலைப் பிடியுங்கள், கட்டணத்தைப் பிரித்துப் பேசுங்கள்

சிவில் வழக்குப் பார்க்கும் சொந்தக்காரர் வேண்டாம். அந்த ஸ்டேஷன் எல்லைக்குட்பட்ட கோர்ட்டில் தினமும் கிரிமினல் வழக்கில் நிற்பவரைத் தேடுங்கள்.

"கேஸுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசினால் பிறகு வருத்தம்தான் வரும். முன்ஜாமீன் அல்லது ஜாமீன் மனு, ஜாமீன்தாரர்களை ஆஜர்படுத்துவது, ஒவ்வொரு வாய்தா, சாட்சி விசாரணை, ஹைகோர்ட் போனால் அது தனி, இப்படிக் கட்டம் கட்டமாக என்ன தொகை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நகல் செலவும் குமாஸ்தா செலவும் அதில் சேர்த்தியா என்பதையும் கேளுங்கள். வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் தரும் அதிகாரத் தாள்) கையெழுத்துப் போடும்போது அதில் உங்கள் பெயரும் வழக்கு எண்ணும் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் இல்லையென்றால் கூச்சப்படாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும், வட்ட அளவில் குழுக்கள் உண்டு, தொலைபேசி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்கு வரம்பு உண்டு.

"எஸ்.ஐ. நம்ம ஆளு, பேசி முடிச்சுடலாம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். அவரிடம் கொடுக்கும் பணத்துக்கு ரசீதும் இல்லை, பலனும் இல்லை.

4. ஸ்டேஷனுக்குப் போகும்போது

வக்கீலோடு போங்கள். முடியாவிட்டால் எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று அவருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, வீட்டார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டீசும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். ஆஜரானதற்கு ஒப்புதல் கேளுங்கள். தரவில்லையென்றால் ஆஜரான விவரத்தை எழுதி, பதிவுத் தபாலில் அன்றே அனுப்பிவிடுங்கள்.

பெயர், முகவரி, வேலை இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். சம்பவத்தைப் பற்றிய கேள்விகளில், உங்களைக் குற்றத்தில் மாட்டக்கூடிய பதிலைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 20(3) அதைத்தான் சொல்கிறது. "இதற்கு வக்கீலைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். குரலை உயர்த்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். விசாரணையின்போது போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கொடுத்தவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது (பி.என்.எஸ்.எஸ். 181, பழைய 162). போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்கவும் முடியாது. ஆனால் நீங்கள் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளோடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் ஏற்கப்படும். இந்த விதிவிலக்கை வைத்துத்தான் பல வழக்குகள் நிற்கின்றன. வெற்றுத்தாளில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துப் பார்க்காத தாளுக்கும் அதே விதிதான்.

5. கைது என்றால் முதல் 24 மணி நேரம்

வீட்டார் இந்தப் பகுதியைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே இருப்பவரால் எதுவும் தேட முடியாது.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். இப்போது உச்ச நீதிமன்றம் அதை எழுத்திலேயே தர வேண்டும் என்கிறது. உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் கொண்டுபோக வேண்டும். அசாதாரணச் சூழல் தவிர, பெண்ணைச் சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்ய வேண்டி வந்தால் பெண் அதிகாரியே நடுவரின் முன் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டும். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயதைக் கடந்தவரையோ உடல்நலம் குன்றியவரையோ டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது என்பது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. ரிமாண்டின்போது, அதாவது காவலில் வைக்க நடுவரிடம் போலீஸ் கேட்கும்போது, வக்கீல் இதைத்தான் எடுத்துச் சொல்வார்.

வீட்டார் செய்ய வேண்டியது: தினசரி மாத்திரைகளும் மருந்துச் சீட்டும் கொண்டு போங்கள். எந்த நடுவர் முன், எத்தனை மணிக்கு என்று கேட்டு வக்கீலை அங்கே நிறுத்துங்கள். விடுமுறை நாளில் நடுவரின் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள்.

உள்ளே இருப்பவர் செய்ய வேண்டியது: மருத்துவப் பரிசோதனையில் உடம்பில் காயம் இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நடுவர் "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கும்போது மறுபடி சொல்ல வேண்டும். அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டு ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

6. ஜாமீன்

ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் ஜாமீன் உங்கள் உரிமை. ஸ்டேஷனிலேயே விடலாம். மற்ற குற்றங்களுக்கு நடுவர் நீதிமன்றம் (பி.என்.எஸ்.எஸ். 480, பழைய 437), பிறகு அதற்கு மேலுள்ள செஷன்ஸ் கோர்ட் அல்லது ஹைகோர்ட் (483, பழைய 439). கைதுக்கு முன்பே என்றால் முன்ஜாமீன் (482, பழைய 438), செஷன்ஸ் கோர்ட்டிலோ சென்னை ஹைகோர்ட்டிலோ மதுரைக் கிளையிலோ. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. போதைப்பொருள் வழக்கில் வணிக அளவு என்றால் ஜாமீனுக்குக் கடுமையான நிபந்தனை. இந்த இரண்டிலும் முதல் நாளே அனுபவமுள்ள வக்கீல் வேண்டும்.

"₹10,000-க்கான பத்திரமும் அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும்" என்று உத்தரவில் இருந்தால், பணத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அது உறுதிப் பத்திரம். நீங்கள் ஓடிப்போனால் அந்தத் தொகைக்கு நீங்களும் அவர்களும் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது. ரொக்கமாகக் கட்டச் சொன்னால் உத்தரவில் டெபாசிட் என்று தனியாக இருக்கும்.

ஜாமீன்தாரருக்கு வழக்கமாகக் கேட்பவை: ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ, இடது கைப் பெருவிரல் ரேகை. சொத்துக்கு வீட்டு வரி ரசீதோ ஆர்.சி. புத்தகமோ வி.ஏ.ஓ. சான்றோ கேட்கும் கோர்ட்டும் உண்டு. ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு வழக்கம் இருப்பதால் முந்தின நாளே பெஞ்ச் கிளார்க்கிடம் வக்கீல் மூலம் கேட்டுவிடுங்கள். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கலாம். ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்று ஜாமீன்தாரர் சொல்லியாக வேண்டும். கோர்ட் வாசலில் கூலிக்கு ஜாமீன் நிற்பவர்கள் கிடைப்பார்கள். அவர்கள் ஆவணம் போலி என்று தெரிந்தால் புது வழக்கு வரும்.

ஜாமீன் உத்தரவு வந்த அன்றே ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று சமைத்து வைக்காதீர்கள். உத்தரவு நகல், ஜாமீன்தாரர் சரிபார்ப்பு, விடுதலை உத்தரவு, அது சிறைக்குப் போய்ச் சேருவது, இத்தனையும் சிறை அடைக்கும் நேரத்துக்குள் முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை உத்தரவென்றால் திங்கள்வரை இழுக்கும். ஜாமீன்தாரர் கிடைக்காமலே ஒரு மாதம் ஓடிவிட்டால், நிபந்தனையைக் குறைப்பது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழிகாட்டியிருக்கிறது. வக்கீல் இதை நினைவூட்டி மனுப் போடலாம்.

முன்ஜாமீன் வாங்கியவர்களுக்கு ஒரு பெரிய பொறி. ஹைகோர்ட் உத்தரவுகளில் வழக்கமாக, உத்தரவு நகல் தயாரான நாளிலிருந்து 15 நாளுக்குள் நடுவர் முன் ஆஜராகி ஜாமீன்தாரர் கொடுக்க வேண்டும், தவறினால் மனு தள்ளுபடி என்று ஒரு வரி இருக்கும். "முன்ஜாமீன் கிடைச்சாச்சு" என்று நிம்மதியாக இருந்து அந்த 15 நாளைக் கோட்டை விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்ற நிபந்தனையும் சகஜம். ஒரு நாள்கூட விடாதீர்கள். சில வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு நிபந்தனைத் தளர்வு மனுப் போடலாம்.

இன்னொன்று. ரிமாண்டில் இருப்பவர் மீது 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகிவிடும். மரணம், ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை உள்ள குற்றமென்றால் 90 நாள். ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு மனுப் போட்டால் அந்த உரிமை போச்சு. நாளை எண்ணுவதை வக்கீலிடம் மட்டும் விடாமல் வீட்டுக் காலண்டரிலும் குறியுங்கள்.

7. உங்கள் பக்கத்து ஆதாரம்

உங்களுக்கும் அடிபட்டிருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்து, ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள். தெருவிலோ கடையிலோ இருக்கும் சி.சி.டி.வி. காட்சியை உடனே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும். உங்கள் போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம். புகார்தாரரிடம் நேரிலோ ஆள் விட்டோ பேசாதீர்கள். ஃபேஸ்புக்கில் விளக்கம் எழுதுவதையும் வழக்கு முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

பைக், போன் கைப்பற்றப்பட்டிருந்தால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இடைக்காலமாகத் திரும்பப் பெற நடுவரிடம் மனுப் போடலாம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், வாங்கிய பில் தேவைப்படும்.

8. குற்றப்பத்திரிகை வந்ததும்

வழக்குக்குப் புது எண் கிடைக்கும். சி.சி. என்றால் நடுவர் வழக்கு. எஸ்.டி.சி. என்றால் சுருக்க விசாரணை. பி.ஆர்.சி. என்றால் செஷன்ஸுக்கு அனுப்பப்படவிருக்கும் பெரிய வழக்கு. இதோடு 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும்.

குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலங்கள், மருத்துவச் சான்று, மகஜர் (சம்பவ இடத்தையோ கைப்பற்றிய பொருளையோ பற்றிச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு) எல்லாவற்றின் நகலும் உங்களுக்கு இலவசம். நீங்கள் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் தர வேண்டும் (230, பழைய 207). கையெழுத்துப் போட்டு வாங்கும்முன் பக்கங்களைச் சரிபாருங்கள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு "நாலு பக்கம் வரலை" என்றால் மறுபடி மனு, மறுபடி வாய்தா.

ஆதாரமே இல்லாத வழக்கென்றால், சாட்சி விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனுப் போட, நடுவர் விசாரிக்கும் வாரண்ட் வழக்குகளில் (இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்கள்) நகல் கிடைத்த நாளிலிருந்து 60 நாள். செஷன்ஸ் வழக்கில் அங்கே ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாள். பழைய சட்டத்தில் இந்தக் கெடு இல்லை. வழக்கையே ரத்து செய்யக் கேட்பது ஹைகோர்ட்டில் (528, பழைய 482).

9. வாய்தா

உண்மையான சோதனை இதுதான். பெரும்பாலான நாள்களில் எதுவும் நடக்காது. காலை பத்து மணிக்குப் போய் நிற்பீர்கள், பெயர் கூப்பிடுவார்கள், "ஆஜர்" என்பீர்கள், அடுத்த தேதி சொல்வார்கள். அதற்காகவே போய்த்தான் ஆக வேண்டும்.

போக முடியாத நாளில் வக்கீல் 317 மனுப் போடுவார். புதிய எண் 355, ஆனால் வராந்தாவில் எல்லோருக்கும் அது 317 தான். காரணத்தை முந்தின நாளே சொல்லுங்கள், காய்ச்சலென்றால் சீட்டை அனுப்புங்கள். மனுவும் இல்லை, ஆளும் இல்லையென்றால் பிடிவாரண்ட். ஜாமீனில் இருந்துகொண்டு காரணமின்றி ஆஜராகாமல் இருப்பது பி.என்.எஸ். 269-இன்படி தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை.

பிடிவாரண்ட் வந்துவிட்டால் ஒளியாதீர்கள். தாமதிக்காமல் வக்கீலோடு நீங்களே போய் நின்று வாரண்ட் ரீகால் மனுப் போடுங்கள். முதல் தடவை, தானாக வந்திருக்கிறார் என்றால் பெரும்பாலும் ரத்து செய்துவிடுவார்கள். போலீஸ் பிடித்துக் கொண்டுபோன பிறகு கதை வேறு. வெளியூரில் வேலை என்றால் 228-இன் கீழ் (பழைய 205) நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். முகவரி மாறினால் கோர்ட்டில் எழுதிக் கொடுங்கள். பழைய வீட்டுக்குப் போன சம்மன்தான் பலருக்குப் பிடிவாரண்டாக மாறுகிறது.

10. "ஒப்புக்கிட்டு ஃபைன் கட்டிடு" என்றால்

சின்ன வழக்குகளில் இந்த யோசனை எல்லாப் பக்கமிருந்தும் வரும். நூறோ ஆயிரமோ கட்டினால் அன்றே முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது குற்றவாளி என்ற தீர்ப்பு. அரசு வேலை, வெளிநாட்டு விசா படிவங்களில் காலத்துக்கும் அதை எழுத வேண்டி வரும். இருபது வயதுப் பையன்களிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கோபமே உண்டு.

சமாதானமாகப் போவதென்றால் எந்தெந்தப் பிரிவு சமாதானத்துக்கு உட்பட்டது என்று பாருங்கள். 115(2), 351(2) இரண்டையும் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் நடுவர் முன்பே முடிக்கலாம். 296(பி) அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக ஹைகோர்ட்டில் இருவரும் சேர்ந்து கூட்டு மனுக் கொடுத்து ரத்து கேட்க வேண்டியிருக்கும். பணத்தைக் கைமாற்றும் முன் இதை முடிவு செய்யுங்கள்.

11. வேலையும் பாஸ்போர்ட்டும்

அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். அலுவலகத்துக்குத் தகவலை நீங்களே கொடுங்கள். வேலைக்கான படிவத்தில் "வழக்கு நிலுவையில் உள்ளதா" என்று கேட்டால் மறைக்காதீர்கள். வழக்கைவிட அதை மறைத்ததற்காக வேலை போனவர்கள் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் வேண்டுமென்றால் அந்தக் கோர்ட்டின் அனுமதி உத்தரவு தேவை. உத்தரவில் காலம் குறிக்கவில்லையென்றால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். ஆகவே மனுவிலேயே எத்தனை ஆண்டு என்று கேட்டு விடுங்கள்.

12. தீர்ப்பு நாள்

ஜாமீன்தாரருக்கும் தகவல் சொல்லி வையுங்கள். தண்டனை வந்தால் அன்றே தேவைப்படுவார். நடுவர் தீர்ப்புக்கு எதிராக செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்ய 30 நாள். ஜாமீனில் இருந்தவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனையென்றால், மேல்முறையீடு செய்யும்வரை தண்டனை வழங்கிய கோர்ட்டே அதை நிறுத்தி வைத்து ஜாமீன் தரலாம் (430, பழைய 389). அந்த மனுவை வக்கீல் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

விடுதலை என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே காப்பி அப்ளிகேஷன் போடுங்கள். ஒன்றுக்கு மூன்றாக வாங்குங்கள். ஒன்று ஸ்டேஷனில் கொடுத்து ஒப்புகை வாங்க, ஒன்று வேலை, பாஸ்போர்ட் விஷயத்துக்கு, ஒன்று வீட்டில். ஜாமீன்தாரர்கள் அசல் ஆர்.சி. புத்தகமோ பத்திரமோ கோர்ட்டில் கொடுத்திருந்தால் திரும்பப் பெற மனுப் போடுங்கள். கைப்பற்றப்பட்ட பொருள் பற்றித் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும். மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு அதைக் காட்டித்தான் பொருளை வாங்க முடியும்.